சீமாட்டியின் வியாழக்கிழமை

பத்து வயதில் ஒரு பின்னேரம் முழுக்க நான் சீமாட்டியாக இருந்திருக்கிறேன். பட்டுச் சட்டை, கொண்டை, கையில் விசிறி, என்னைக் கண்டதும் குனிந்து வணக்கம் சொல்ல ஆட்கள், எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ பொறுப்புகள் வந்தன, போயின. அந்தப் பின்னேரத்து மிடுக்கு எதிலும் வரவில்லை.

டென்மார்க்கில் சில்க்போர்க் என்ற ஊரில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், ஏரியைப் பார்த்தபடி அந்த வெள்ளை வீடு நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒரு பெரிய மனுஷி வாழ்ந்தார். கதைப் புத்தகங்கள் எழுதினார். வியாழக்கிழமை தோறும் கதவைத் திறந்து வைத்து, பட்டினத்துப் பணக்காரரையும் பாட்டுக்காரரையும் பாதிரிமாரையும் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். வந்தவர்கள் பேசிய பேச்சை அடுத்த புத்தகத்தில் அப்படியே போட்டுவிடுவாராம். தங்களைப் புத்தகத்தில் கண்டவர்கள் கோபித்துக்கொண்டு போவார்களாம், அடுத்த வியாழன் திரும்பவும் வந்து நிற்பார்களாம். அவருடைய பெயர் வாய்க்குள் நுழையாத நீளம். அம்மா ஒரே சொல்லில் சீமாட்டி என்று வைத்துவிட்டார். எங்கள் தமிழ் ஆட்களுக்கு அது இன்றைக்கும் சீமாட்டி வீடுதான்.

இப்போது அது அருங்காட்சியகம். வருடத்தில் ஒரு நாள், மே மாதத்தில் வருகிற வியாழக்கிழமை விடுமுறையில், சீமாட்டியின் பழைய வியாழனை அங்கே திரும்ப நடத்துவார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அந்தக் காலத்து உடுப்புப் போட்டு விருந்தாளிகளாக வருவார்கள். ஒரு பிள்ளை சீமாட்டியாக உட்காரும். எங்கள் வகுப்பின் முறை வந்தபோது அந்த ஒரு பிள்ளை நானாக இருந்தேன்.

என் நடிப்புக்கோ குரலுக்கோ கிடைத்த மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். தலைமுடிதான் காரணம். சீமாட்டிக்குப் பெரிய கொண்டை. அதற்கென்று வைத்திருந்த பொய்முடியைப் பூச்சி அரித்துவிட்டது. வகுப்பில் இடுப்புவரை பின்னல் தொங்கியது எனக்கு மட்டும்தான். அந்த அருங்காட்சியக வீட்டுக்குப் பொறுப்பாக இருந்த டேனிஷ் அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பவர், என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு “இவள்தான்” என்றார். தலைக்கு எண்ணெய் வேண்டாம் என்று நான் வீட்டில் போட்ட சண்டையெல்லாம் அன்றோடு முடிந்தது. அம்மா வென்றுவிட்டார்.

ஒத்திகைக்கு அம்மாவும் வந்தார். பொறுப்பாளர் அம்மா வீட்டைச் சுற்றிக் காட்டினார். தங்கக் கரை வைத்த கோப்பைகள், சுவர் நிறையப் புத்தகம், வெளிறிய படங்கள், ஏரிப்பக்கம் திறக்கிற கண்ணாடிக் கதவுகள். இதெல்லாம் அம்மாவின் கண்ணில் படவில்லை. சீமாட்டியின் கட்டில்தான் பட்டது. அந்தக் காலத்து ஆட்கள் தலையணையில் சாய்ந்து பாதி உட்கார்ந்தபடியே உறங்குவார்களாம். அதனால் கட்டில் குட்டை.

“இவ்வளவு பெரிய வீடு. காலை நீட்டிப் படுக்க ஒரு கட்டில் இல்லை. பாவம் மனுசி,” என்று பஸ்ஸில் வரும்போதும் சொல்லிக்கொண்டே வந்தார்.

என் கண்ணில் பட்டது ஒரு சோபா. தோட்டத்து அறையின் நடுவில், கடுகு மஞ்சள் நிறத்தில், ஆங்கில எஸ் எழுத்து வளைவதுபோல வளைந்து கிடந்தது. இரண்டு பேர் இருக்கலாம். ஆனால் ஒருவர் இந்தப் பக்கம் பார்த்து, மற்றவர் அந்தப் பக்கம் பார்த்து. தோளும் தோளும் கிட்ட இருக்கும், முகம் எதிரெதிர்த் திசையில் இருக்கும். இதில் என்ன சுகம் என்று கேட்டேன்.

பொறுப்பாளர் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குப் பிடித்த கதை இதுதான் என்று உடனே தெரிந்தது. சீமாட்டியின் விருந்தாளிகளில் யாராவது இரண்டு பேர் கோபமாக இருந்தால் அவர்களை இதில்தான் இருத்துவாராம். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, ஆனால் காது பக்கத்தில் இருக்கும். சீமாட்டி சொல்லும்வரை எழும்பவும் முடியாது. சும்மா எவ்வளவு நேரம்தான் இருப்பது? யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிடுவார்.

“எப்போதும் பலித்ததா?” என்று கேட்டேன்.

“சீமாட்டி அப்படித்தான் எழுதியிருக்கிறார்,” என்றார்.

எனக்கு அது போதும். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அந்த யோசனையில் அன்றைய ஒத்திகையில் என் வசனம் முழுவதும் தலைகீழாக வந்தது.

நான் இருத்த நினைத்தது அப்பாவையும் பெரியப்பாவையும். அவர்களுக்குள் பல வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு போன் அழைப்பு. அப்பா சில்க்போர்க்கில் வீடு வாங்கி, புது வீடு புகுகிற குடிபூரலுக்கு நாள் வைத்தபோது அங்குள்ள தமிழருக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பக்கத்து ஊரான இக்காஸ்டில் இருக்கும் தன் அண்ணனுக்கு மட்டும் போனில் சொன்னார். சொந்த அண்ணன், அவருக்கு என்ன அழைப்பு, வீட்டுக்காரர்போல முதல் ஆளாக வந்து நிற்கப் போகிறவர் என்பது அப்பாவின் நினைப்பு. ஊருக்கெல்லாம் நேரில் போனவன் எனக்குப் போனில் சொல்லிவிட்டான் என்பது பெரியப்பாவின் நினைப்பு. பெரியப்பாதான் அப்பாவை டென்மார்க்குக்குக் கூப்பிட்டு, தன் அறையில் வைத்திருந்து, தான் வேலை செய்த நெசவு ஆலையில் வேலையும் எடுத்துக் கொடுத்தவர். குடிபூரலன்று அவருக்கென்று முன்வரிசையில் போட்ட கதிரை கடைசிவரை காலியாகவே கிடந்தது.

“வந்திருக்கலாம்தானே,” என்று அப்பா சொல்வார். “வந்து சொல்லியிருக்கலாம்தானே,” என்று அங்கே பெரியப்பா சொல்வாராம். இதை என் டேனிஷ் நண்பர்களுக்கு விளக்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். போனில் சொன்னால் என்ன குறை என்று கேட்பார்கள். அதற்குமேல் அவர்களுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியாது.

பெரியவர்களின் கௌரவம் எனக்கு முக்கியமில்லை. எனக்குப் பெரியப்பாவின் மகள் வேண்டும். என்னைவிடச் சில மாதம் மூத்தவள். இருவரும் ஒரே கோப்பையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, ஒரே போர்வைக்குள் சிரித்து வளர்ந்தவர்கள். சண்டைக்குப் பிறகு கோயில் திருவிழாவில் அவள் அந்தப் பக்கம் நிற்பாள், நான் இந்தப் பக்கம் நிற்பேன். சாமி சுற்றி வரும்போது ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக்கொள்வோம். எங்களுக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு ஆட்களை அழைத்து வாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். டேனிஷ் பிள்ளைகளின் வீடுகளில் அம்மா, அப்பா, அதிகம் போனால் ஒரு நாய். எங்கள் வீட்டில் அது வேறு மாதிரிப் போனது. போன் விவகாரத்தில் பட்ட பிறகு அப்பா யாரையும் போனில் அழைப்பதே இல்லை. என் பிறந்தநாளுக்கு ஒரு கேக் வெட்டுவதென்றாலும் தூரத்து ஊரான ஸ்கீவவரை காரோட்டிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். இப்போது மகள் சீமாட்டி. முதலில் தன்னோடு வேலை செய்கிறவருக்குச் சொன்னார். அவருக்குச் சொன்னால் அவருடைய மச்சானுக்குச் சொல்ல வேண்டும். மச்சானுக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை விட்டால் அவர் என்ன நினைப்பார்? சனி ஞாயிறு வந்தால் என்னைப் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார். போன வீடெல்லாம் தேநீரும் மிக்சரும் வந்தன. போன வீடெல்லாம் நான் எழுந்து நின்று என் டேனிஷ் வசனத்தைச் சொல்லிக் காட்டினேன்.

இக்காஸ்டிலும் எல்லா வீட்டுக்கும் போனோம், ஒரு வீட்டைத் தவிர. பெரியப்பாவின் தெருமுனையில் கார் வேகம் குறைந்தது. அப்பா சிக்னல்கூடப் போட்டார். பிறகு அதை நிறுத்திவிட்டு நேரே ஓட்டினார்.

அப்படியென்றால் நான்தான் போக வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் “சின்னப்பிள்ளைக்கு உதெல்லாம் என்னத்துக்கு” என்றார். இரண்டு நாள் கழித்து, கறிவேப்பிலை வாங்க இக்காஸ்ட் தமிழ்க் கடைக்குப் போகவேண்டும், நீயும் வா என்றார். சில்க்போர்க்கிலேயே கறிவேப்பிலை கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ரயிலில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்துக்கொண்டு போனோம்.

கடை வாசலில் அம்மா நின்றுவிட்டார். “நான் வந்தால் கொப்பருக்குத் தெரியாமல் போய்ச் சொன்ன மாதிரி ஆயிடும். நீ ஓடிப்போய்க் குடுத்திட்டு வா. நான் வந்தனான் எண்டு சொல்லாதை.”

ஒத்திகைக்குக் கொடுத்த சீமாட்டியின் தொப்பியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். சின்னப்பிள்ளை அழைத்தால் செல்லாது. சீமாட்டி அழைத்தால் செல்லும் என்பது என் கணக்கு. நானே தங்க நிறப் பேனையால் கரை கீறிய அட்டை கையில் இருந்தது. மணியை அழுத்தினேன். பெரியம்மா கதவைத் திறந்தார். தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “ஐயோ என்ரை குஞ்சு” என்று அப்படியே இறுக்கிக் கட்டிக்கொண்டார். தொப்பி நசுங்கிப் போனது. பின்னால் மாடிப்படியில் என் எதிரி அணித் தோழி வாயைப் பொத்திக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா டிவிக்கு முன்னால் இருந்தார். அட்டையை இரண்டு கையாலும் நீட்டி, பாடமாக்கியதைச் சொன்னேன். சீமாட்டி தங்களை வியாழக்கிழமை தேநீருக்கு எதிர்பார்க்கிறார். அவர் அட்டையை நீண்ட நேரம் பார்த்தார்.

“ஆர் இந்தச் சீமாட்டி?”

“நான்தான்.”

அவருடைய மீசை ஆடியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. “நல்லது சீமாட்டி. ஆனால் எங்கடை ஆக்களுக்கை வீட்டுக்காரர்தான் வந்து சொல்லுறது.”

நான் “நல்லது” என்பதை மட்டும் காதில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பெரியம்மா ஒரு பை நிறையப் பயற்றம் பணியாரம் தந்தார். ரயிலில் அம்மாவிடம், வேலை முடிந்தது, வருகிறார்கள் என்று சொன்னேன். அம்மா ஒரு பணியாரத்தை எடுத்துச் சாப்பிட்டார்.

மிச்சப் பணியாரத்தை அன்று மாலை மேசையில் மறந்துபோய் வைத்துவிட்டேன். வேலையால் வந்த அப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார். பெரியம்மா பயற்றம் பணியாரத்துக்கு மிளகு கொஞ்சம் கூடப் போடுவார், யார் வீட்டிலும் அந்தக் காரம் இராது. அப்பா மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா மும்முரமாகக் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வந்தது. காலையிலிருந்தே எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. அப்பா கோட்டும் டையுமாக என்னையும் அம்மாவையும் சீமாட்டி வீட்டில் இறக்கினார். கூடவே வடை ஒரு அண்டா, ரோல்ஸ் இரண்டு பெட்டி, கேசரி ஒரு தட்டம். “எனக்கொரு அலுவல் இருக்கு, வாறன்,” என்று காரைத் திருப்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைகள்கூடப் பூட்டிக் கிடக்கிற விடுமுறை நாளில், மகள் சீமாட்டியாகிற நாளில், அப்படி என்ன அலுவல்?

பொறுப்பாளர் அம்மா எனக்குச் சாம்பல் நீலப் பட்டுச் சட்டையை மாட்டினார். அம்மா பையிலிருந்து அட்டியல், சங்கிலி, ஜிமிக்கி எல்லாம் எடுத்தார். பெரிய மனுசி என்றால் கழுத்து வெறுமையாக இருக்குமா என்பது அவருடைய வாதம். சீமாட்டி ஒரே ஒரு ஊசிப்பதக்கம்தான் குத்துவார் என்பது பொறுப்பாளர் அம்மாவின் வாதம். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன், இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் மென்மையாக்கி. கடைசியில் பதக்கம் வென்றது. ஆனால் அவர் அங்கால் திரும்பிய நேரம் பார்த்து அம்மா என் காதுக்குப் பின்னால் நாவூறுக்கு ஒரு கறுப்புப் பொட்டை வைத்துவிட்டார்.

சீமாட்டிக்கு விதிகள் இருந்தன. இருக்கையை விட்டு எழும்பக்கூடாது. வருகிற ஒவ்வொருவரையும் ஒரு வசனம் சொல்லி வரவேற்று, எங்கே இருப்பது என்று விசிறியால் காட்ட வேண்டும். முக்கியமான விதி, அந்த வீட்டுக்குள் வந்த ஒருவரும் நின்றுகொண்டிருக்கக்கூடாது.

முதலில் டேனிஷ் குடும்பங்கள் வந்தன. வரவேற்றேன், காட்டினேன், இருந்தார்கள். எல்லாம் அழகாகப் போனது. பிறகு வெளியே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. ஜன்னலால் பார்த்த பொறுப்பாளர் அம்மாவின் கண்ணாடி சங்கிலியில் விழுந்து ஆடியது.

எங்கள் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பட்டுச் சேலைகள், குழந்தை வண்டிகள், பூங்கொத்துகள். இக்காஸ்டிலிருந்து, ஸ்கீவவிலிருந்து, அப்பா தேநீர் குடித்த அத்தனை வீட்டிலிருந்தும் வந்தார்கள். நேரில் வந்து சொன்னவரை மதித்து ஒருவர்கூட வராமல் விடவில்லை. ஸ்கீவவில் இருக்கும் ஒரு மாமா கலியாணத்துக்குப் படம் எடுக்கிற பெரிய கமெராவோடு வந்து, வாசல் படியில் செருப்புகளை அடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். பழைய வீட்டுக்குள் செருப்போடு போவது மரியாதையில்லை என்று யாரோ ஆரம்பித்து வைக்க, அதைப் பார்த்த டேனிஷ் விருந்தாளிகளும் எழும்பிப் போய்ச் சப்பாத்தைக் கழற்றினார்கள்.

“இது எல்லாமே உன் குடும்பமா?” என்று பொறுப்பாளர் அம்மா என் காதுக்குள் கேட்டார்.

“ஓம்,” என்றேன் தமிழிலேயே. வேறு என்ன சொல்வது?

கதிரைகள் முடிந்தன. நீளமான மர வாங்குகளும் முடிந்தன. ஆட்கள் முடியவில்லை. பழைய மரத்தளம், இவ்வளவு பாரம் தாங்காது என்று பொறுப்பாளர் அம்மா கையைப் பிசைந்தார். ஒருவரும் நிற்கக்கூடாது என்ற விதி எனக்குள் கத்திக்கொண்டிருந்தது. விசிறியை நீட்டி, ஏரிப்பக்கக் கதவுகளைத் திறக்கச் சொன்னேன். எங்கள் ஆட்களின் கார் டிக்கியில் கோயில் திருவிழாவுக்கென்று எப்போதும் ஒரு பாய் கிடக்கும். “பாயளை எடுத்துக்கொண்டு வாங்கோ!” என்று அம்மா வாசலில் நின்று குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் சீமாட்டியின் புல்வெளி நிறையப் பாய்கள் விரிந்தன. தங்கக் கரைக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வடை போனது. ஒரு டேனிஷ் தாத்தா கால்களை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் கேசரியோடு பாயில் சரிந்தார். பொறுப்பாளர் அம்மா முதலில் திகைத்து நின்றார். பிறகு ஒரு ரோல்ஸைக் கடித்தார். பிறகு இன்னொன்று கேட்டார்.

எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் பாதி மனம்தான். மற்றப் பாதி வாசலில் இருந்தது. அப்பாவையும் காணவில்லை, பெரியப்பாவையும் காணவில்லை. போதாததற்கு மஞ்சள் சோபாவில் எங்கள் வகுப்பு ஆசிரியரும் ஒரு பிள்ளையின் அப்பாவும் கேக் தட்டுகளோடு சுகமாகச் சாய்ந்திருந்தார்கள்.

அப்போது மரங்களுக்கு நடுவே பெரியப்பாவின் கார் வந்தது. அதன் பின்னாலேயே ஒட்டியபடி அப்பாவின் கார். பெரியப்பா, பெரியம்மா, அவள், மூன்று பேரும் இறங்கினார்கள். அப்பா காரை நிறுத்த இடம் தேடி அப்பால் போய்விட்டார். பெரியப்பா வாசற்படிவரை வந்து அங்கேயே நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை. அவர் எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் வா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அப்படியே திரும்பிவிடுவார்.

எழும்பக்கூடாது என்ற விதியை மறந்தேன். பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாடமாக்கிய டேனிஷ் வசனம் ஒரு சொல்கூட வரவில்லை. நான் வீட்டில் அம்மாவுக்கே டேனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை.

“வாங்கோ பெரியப்பா. வாங்கோ பெரியம்மா. உள்ளை வந்து இருங்கோ.”

பெரியப்பா குனிந்து என்னைப் பார்த்தார். “அட, சீமாட்டிக்குத் தமிழும் தெரியுமோ?” என்று சொல்லிவிட்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். அவருடைய நெற்றியில் ஈரம் காயாத சந்தனம் இருந்தது. காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நேரே போய் ஆசிரியருக்கு முன்னால் நின்று, தங்களுக்குத் தோட்டத்தில் இடம் தயாராக இருக்கிறது என்று விசிறியால் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் அவர் சொன்னால் நான் எழும்புவேன். அன்றைக்கு நான் சொல்ல அவர் எழும்பினார். பெரியப்பாவை ஒரு வளைவில் இருத்தினேன். மூச்சு வாங்க உள்ளே வந்த அப்பாவை, கோட்டு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மற்ற வளைவில் இருத்தினேன். “நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் எழும்பக்கூடாது,” என்றேன். இருவரும் எழும்பவில்லை.

அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா புத்தக அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விசிறிக்குப் பின்னால் ஒளிந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“டயர் மாத்தோணும்போலை கிடக்கு உன்ரை காருக்கு,” என்றார் பெரியப்பா அலுமாரியிடம்.

“ஓம் அண்ணை. பாக்கோணும்,” என்றார் அப்பா ஏரியிடம்.

அவ்வளவுதான் கேட்டது. பெரியப்பாவின் மகள் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். சீமாட்டியின் பட்டுச் சட்டையோடு நான் புல்லில் உருண்டேன், ஏரிவரை ஓடினேன், கொண்டை அவிழ்ந்து எண்ணெய்ப் பின்னல் ஆகியது. பல வருடத்துக் கதையை ஒரே மூச்சில் பேசினோம், அவள் டேனிஷில், நான் டேனிஷில், இருவரும் ஒரே நேரத்தில். திரும்பி வந்து பார்த்தபோது வீடு அரைவாசி வெறுமையாகிவிட்டது. பொறுப்பாளர் அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேரும் இன்னும் சோபாவில்தான் இருந்தார்கள். எழும்பலாம் என்று சொல்ல நான் மறந்துபோயிருந்தேன். அப்பா கண்ணைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார், பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து அப்பாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

சோபா பலித்துவிட்டது. எனக்குப் பிடிபடாத சந்தோஷம். சீமாட்டி எழுதி வைத்தது பொய்யில்லை.

போன வருடம் எனக்குக் கலியாணம் நிச்சயமானது. அழைப்புக்கு முதல் வீடு இக்காஸ்டில் பெரியப்பா வீடு. நானும் கூடப் போனேன். அப்பா வெள்ளித் தட்டில் சந்தனக் கும்பாவை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். பெரியப்பா கதவைத் திறந்தார். “அண்ணை, நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரோணும்,” என்றார் அப்பா. பெரியப்பா மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

அந்தப் பொட்டைப் பார்த்தபடி நான் நின்றுவிட்டேன். அதே இடத்தில், அதே ஈரத்தோடு, அதை ஒருமுறை சீமாட்டி வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். கடைகள் பூட்டிக் கிடந்த விடுமுறை நாளில் அப்பாவுக்கு இருந்த அலுவல் இதுதான். கோட்டும் டையும் போட்டு, கலியாணத்துக்கு மட்டும் அலுமாரியிலிருந்து வெளியே வருகிற கும்பாவில் சந்தனம் கரைத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக்கு வாருங்கள் என்று தன் அண்ணன் வீட்டு வாசலில் இப்படித்தான் நின்றிருக்கிறார். குடிபூரலுக்கு நேரில் போய்ச் சொல்லாமல் விட்டதை அன்றைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். பெரியம்மா கதவடியில் நின்று கண் கலங்கினார். நான் போய் அவரைக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று அன்றிரவு போனில் மாப்பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமையில் எனக்குப் பத்து வயதுதான். வீட்டுக்குத் திரும்பக் காரில் ஏறியபோது பின்னிருக்கையில் வெள்ளிக் கும்பா, சரியாமல் அப்பாவின் சால்வையால் முட்டுக் கொடுத்து வைத்திருந்தது. உள்ளே பாதிக்குச் சந்தனம்.

“இது ஏன் காருக்குள் இருக்கிறது?” என்று டேனிஷில் கேட்டேன்.

“சும்மா,” என்றார் அப்பா. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, சொல்ல எவ்வளவோ இருந்தது. நான் அவர்களை எப்படி இருத்தினேன், ஆசிரியரை எப்படி எழுப்பினேன், நான் மட்டும் அந்தச் சோபாவைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் இந்த ஜென்மத்தில் பேசியிருப்பார்களா என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

“ஓம் சீமாட்டி, எல்லாம் நீர்தான்,” என்றார் அப்பா. “சந்தனம் ஊத்துப்படாமல் பிடியும்.”

நான் கும்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை சோபாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.